கடல் இல்லாத ஊரில் ராட்சசக் கணவாய்

திரையில் கடல் கொதித்தது. முதலில் ஒரு கை வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. பனைமரத் தடிமன், சாம்பல் நிறம். அடியில் இட்லித் தட்டைக் கவிழ்த்து ஒட்டியது போல வரிசையாக உறிஞ்சுகுழிகள். ரப்பரைச் சேர்த்துத் தைத்த இடம்கூட நன்றாகத் தெரிந்தது. தெரிந்துவிட்டதே என்று யாரும் விசிலைக் குறைத்துக்கொள்ளவில்லை. கொட்டகையின் தகரக் கூரை அதிர்ந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கௌரி கத்தினாள்.

எல்லாரும் கத்துகிற இடம்தான் அது. நானும் கத்தினேன். கணவாய் படகைச் சுற்றி வளைத்து ஒரே இழுப்பில் உள்ளே கொண்டுபோனது. தண்ணீர் அடங்கியது. அடுத்த காட்சியில் தொப்பி போட்ட ஒருவர் கரையில் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். கொட்டகை மூச்சு வாங்கிக்கொண்டு வேர்க்கடலைக்குத் திரும்பியது.

கௌரி நிறுத்தவில்லை.

முன்வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். வேண்டுமென்றே கத்துகிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஒருவன் பதிலுக்கு ஊளையிட்டான். அவள் கத்திக்கொண்டே இருந்தாள். கண் திரையில் இல்லை. ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. ஊளையிட்டவன் வாயை மூடிக்கொண்டான்.

"கௌரி, ஏ கௌரி, இங்க பாரு" என்று அவள் கையைப் பிடித்தேன். என் விரல் எலும்பு நோகிற அளவுக்குத் திருப்பிப் பிடித்தாள்.

ரப்பர் கணவாய்க்கு யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள். அவளும் அதற்காகக் கத்தவில்லை.

மூச்சை அடக்கும் வேலை

நான் ஓசூர் வந்த காலத்தில் தொழிற்பேட்டையில் புதுக் கம்பெனிச் சுவர்களின் சிமெண்ட் ஈரம் முழுதாகக் காயவில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் என்னுடையது. அப்பா சைக்கிளில் மீன் விற்றார். அங்கிருந்து ஸ்வெட்டர் இல்லாமல் மலைக்காற்றில் வந்து இறங்கி, முதல் வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே நடமாடினேன்.

வேலை, வண்டிகளுக்கான மீட்டர் செய்வது. தலைமுடி போன்ற ஒரு சுருள்வில்லை ட்வீசரில் எடுத்து அதன் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். வேகமாக மூச்சு விட்டால் பறந்துவிடும். இருமல் வந்தால் எழுந்துபோய் இருமிவிட்டு வர வேண்டும். ஷிஃப்ட் முழுக்க ஒரு ஹால் நிறையப் பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருப்போம்.

எனக்கு எதிர் பெஞ்சில் கௌரி. கெலவரப்பள்ளி அணைப் பக்கத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். கோபம் வந்தால் தெலுங்கில் வரும், காய்கறி பேரம் கன்னடத்தில் நடக்கும், வம்பு பேசத் தமிழ். அவள் கணவர் நாகராஜ் வேன் ஓட்டினார். ஓசூர் ஃபவுண்டரிகளில் வார்த்த இரும்புச் சாமான்களை பெங்களூர் ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கொண்டுபோய் இறக்குகிற வேலை. மூக்கண்டப்பள்ளியில் ஒரே வரிசை வீடுகளில்தான் இருந்தோம். எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு சுவர்.

அந்த நாகராஜ்தான் எங்களைக் கெடுத்தவர்.

"செல்வியக்கா, இந்த வாரம் நண்டு. பஸ்ஸு சைசுக்கு நண்டு. வர்றீங்களா?"

அப்படித்தான் கேட்பார். படத்தின் பெயரெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நண்டுப் படம், முதலைப் படம், மீன்மனுஷன் படம். ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு இங்கிலீஷ் படம் போடுகிற அந்தக் கொட்டகையில் பெண்கள் வரிசை என்று பெயருக்கு ஒன்று இருக்கும். பெரும்பாலும் அதில் நானும் கௌரியும் மட்டும்தான். நாகராஜ் எங்களுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, பயப்படும் இடம் வருவதற்கு முன்பே எங்கள் நாற்காலியைப் பிடித்து ஆட்டுவார்.

கணவாய்ப் படம் வந்தபோது போஸ்டரைப் பார்த்து, "ஐயோ, கணவாய்!" என்றேன்.

"எங்க?" என்று கேட்டார் நாகராஜ்.

"அந்தா, போஸ்டர்ல."

"கணவாய்னா தொப்பூர்க் கணவாய்தானேக்கா? மலைக்கு நடுவுல ரோடு போவுமே, அதானே?"

அது பத்துக் கை உள்ள கடல் பிராணி, எங்கள் ஊரில் குழம்பு வைத்துச் சாப்பிடுவோம் என்று நான் சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை. ஒர்க்‌ஷாப்புகளில் எல்லாம் என்னைப் பற்றி, "எங்க பக்கத்து வீட்டக்கா ராட்சசனைக் குழம்பு வெப்பாங்க" என்று சொல்லி வைத்திருந்தார்.

முகம் உள்ள கடல்

கடற்கரையில் பிறந்தவளுக்கு இந்தப் படங்களில் என்ன பிடித்தது என்று, இந்தத் தொடரைப் படிக்கிற என் தங்கை கட்டாயம் போன் போட்டுக் கேட்பாள். அவளுக்கான பதில் இது.

எங்கள் ஊரில் கடல் யாரையாவது எடுத்துக்கொண்டால் எந்தச் சத்தமும் இருக்காது. போன வள்ளம் திரும்பவில்லை என்றால் பெண்கள் மணலில் வந்து நிற்பார்கள். கடல் தட்டு மாதிரி அமைதியாகக் கிடக்கும். வெயில் பளபளக்கும். எதைப் பார்த்து அழுவது என்றே தெரியாது. எதன் மேல் மண்ணை வாரித் தூற்றுவது?

படத்தில் அப்படி இல்லை. கடலுக்கு ஒரு முகம் இருந்தது. பல் இருந்தது. குறி வைத்துச் சுட நெற்றியில் ஓர் இடம் இருந்தது. வருவதற்கு முன்னால் இசை போட்டு வேறு சொல்லிவிடுவார்கள். ஒரு விஞ்ஞானி முன்கூட்டியே எச்சரிப்பார், தொப்பி போட்டவர் நம்ப மாட்டார், சிரித்தவன் முதலில் சாவான். எல்லாம் முறைப்படி நடக்கும். கடைசியில் வெடி வைத்து அதைத் துண்டு துண்டாக்குவார்கள். துண்டுகள் சோளப்பொரி மாதிரி தண்ணீரில் விழும். நாங்கள் எழுந்து நின்று கைதட்டுவோம்.

அதோடு, வாரம் முழுக்க மூச்சை அடக்கினவர்களுக்கு வாயைத் திறந்து கத்த ஓர் இடம் வேண்டாமா? தெருவில் ஒரு பெண் கத்தினால் நாலு பேர் கூடுவார்கள். இங்கே கத்துவதற்குத்தான் டிக்கெட்டே.

அங்கே வருகிற யாருக்கும் இங்கிலீஷ் புரியாது. அந்தக் குறையைத் தீர்த்தவர் மாணிக்கம். கிருஷ்ணகிரிக்காரர், ஏதோ ஒரு கம்பெனியில் ஃபிட்டர். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லாப் பாத்திரங்களுக்கும் தானே தமிழ் பேசுவார். டப்பிங் மாணிக்கம் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம்.

"டேய் கேப்டன், போவாதடா! நேத்து போனவனே இன்னும் வரல. ஏம்மா, நீயாச்சும் சொல்லும்மா உன் புருசனுக்கு!"

கேப்டனின் மனைவி திரையில் எதையோ சொல்லி அழுவாள். மாணிக்கம் குரலை மெல்லிசாக்கிக்கொண்டு, "நான் சொன்னா எங்கண்ணா கேக்கறாரு, ஓட்டிப் பாக்கறேன்னு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு" என்பார். கொட்டகை உருண்டு சிரிக்கும்.

வேர்க்கடலைப் பொட்டலம்

கணவாய்ப் படத்தின் முதல் ஞாயிறு நாகராஜும் வந்திருந்தார். இடைவேளையில் எங்கள் இரண்டு பேருக்கும் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்துவிட்டு, லோடு ஏற்ற வேண்டும் என்று கிளம்பினார்.

"பாதிப் படத்துல யாரு போவாங்க?" என்று கௌரி கோபித்துக்கொண்டாள்.

"வந்து மீதிய நீ சொல்லு. ரெண்டு நாள்ல வந்துருவேன்."

அவள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சண்டை ஒன்றும் இல்லை. வழக்கமாக எல்லா வீட்டிலும் இருக்கிற சிணுங்கல்தான்.

அந்த வாரம்தான் காவிரிப் பிரச்சினையில் எல்லை மூடியது.

அதைப் பற்றி எழுதப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் கண்ணுக்குப் பட்டதை மட்டும் சொல்கிறேன். எல்லையில் இருக்கிற ஜூஜூவாடிக்கு அந்தப் பக்கம் பஸ் போகவில்லை. ரோட்டோரம் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அடிக்குப் பயந்து அந்தப் பக்கத்திலிருந்து தமிழ் ஜனங்கள் நடந்து வந்தார்கள். ஒரு அம்மா பிரஷர் குக்கரை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள், பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. கல்யாண மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அவர்களைத் தங்க வைத்தார்கள். இந்தப் பக்கமும் ஒன்றும் ஒழுங்கில்லை. கர்நாடக நம்பர் வண்டி நின்றால் கண்ணாடியில் கல் விழுந்தது.

நாகராஜின் வேனில் தமிழ்நாட்டு நம்பர். பேசினால் கன்னடம் தண்ணீராக வரும் அவருக்கு. ஆனால் நம்பர் பிளேட்டுக்குக் கன்னடம் பேசத் தெரியாதே.

ரெண்டு நாள் போனது. அதற்கு மேலும் போனது. போன் பூத்தில் வரிசையில் நின்று நின்று, ஒர்க்‌ஷாப் நம்பரைச் சுழற்றினால் கொர்ரென்ற சத்தம்தான். சாமான் வராததால் கம்பெனியிலும் பாதி லைன் ஓடவில்லை. வேலை இருந்தாலாவது பொழுது போயிருக்கும்.

கௌரியால் வீட்டில் உட்கார முடியவில்லை. அடுப்பில் சாதத்தை வைத்துவிட்டு ரோட்டுக்குப் போவாள். அரிசி குழைந்துவிடும். பஸ் ஸ்டாண்டுக்குப் போவாள், அங்கிருந்து மண்டபத்துக்கு, மறுபடி பஸ் ஸ்டாண்டுக்கு. வருகிறவர்களிடம் எல்லாம் கேட்பாள்: "வெள்ளை வேனு, முன்னால எலுமிச்சங்கா கட்டியிருக்கும், பாத்தீங்களா?" நானும் கூடவே நடந்தேன். நடந்து நடந்து என் செருப்பு வார் அறுந்தது. அவள் காத்திருக்கவில்லை, அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன்.

ஒரு நாள் மண்டபத்தில் ஒருவர், "எரிஞ்ச வேன் ஒண்ணு பாத்தேம்மா, வெள்ளையா வேற கலரான்னு தெரியல" என்றார். அவர் மனைவி அவர் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

கௌரி திரும்பி நடந்தாள். நேராகக் கொட்டகைக்குப் போனாள்.

கணவாய் போகாத காரணம்

அந்தப் படப்பெட்டி பெங்களூருக்குத் திரும்ப வேண்டியது. அடுத்த பெட்டி அங்கிருந்து வர வேண்டியது. இரண்டுக்கும் வழி இல்லை. அதனால் அதே கணவாய் தினமும் ஓடியது. மாலைக் காட்சிக்கு அனுமதி இல்லை, பகல் காட்சி மட்டும். மண்டபத்தில் தங்கியிருந்தவர்களைக் கொட்டகைக்காரர் சும்மா உள்ளே விட்டார். வந்தவர்கள் படம் பார்க்க வந்தவர்கள் மாதிரி இல்லை. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கதவுப் பக்கமே உட்கார்ந்தார்கள். முன்வரிசை உள்ளூர்க்காரர்களின் விசில் மட்டும் எப்போதும்போல இருந்தது.

கௌரி எங்கள் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "இங்கதான்கா கடசியாப் பாத்தேன் அவர" என்றாள். "மூஞ்சியக் கூடச் சரியாப் பாக்கல."

அன்றைக்குத்தான் நான் முதலில் சொன்ன கத்தல்.

அவள் மூச்சு தீர்ந்து நின்றபோது கொட்டகையில் படத்தின் சத்தம் மட்டும் இருந்தது. திரையில் யாரோ இங்கிலீஷில் பேசிக்கொண்டே போனார்கள். மாணிக்கம் வாய் திறக்கவில்லை. அவருக்கு எங்களைத் தெரியும், நாகராஜையும் தெரியும்.

அப்போது கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்த குக்கர் அம்மா கத்தினாள். வார்த்தை எதுவும் இல்லை, வெறும் கத்தல். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு ஆண்கள். திரையில் கணவாய் இல்லை, தண்ணீர்கூட இல்லை. தொப்பிக்காரர் ஒரு படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து அத்தனை பேரும் கத்தினோம். எனக்கு ஊர் மணலும் அங்கே நின்ற பெண்களும் ஞாபகம் வந்தார்கள். நானும் கத்தினேன். தொண்டை கிழிந்தது போல எரிந்தது.

அடங்கியதும் மாணிக்கம் எழுந்து எங்கள் வரிசைக்கு வந்தார். குனிந்து, "தங்கச்சி, ஒர்க்‌ஷாப்புல பசவராஜுன்னு ஒரு மெக்கானிக்கு இருக்காரு. நாகராஜுக்கு உசுரு. அவரு விட்டுற மாட்டாரும்மா" என்றார்.

"நெசமாண்ணா?"

"எனக்கு அவரத் தெரியும்மா."

எல்லாருக்கும் குரல் கொடுக்கிற மனுஷர், அன்றைக்குத் தன் சொந்தக் குரலில் பேசியது எனக்கு விசித்திரமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கௌரி ஒரு வாய் சாதம் சாப்பிட்டாள்.

மீசை

சில நாள் கழித்து ஒரு காலை, குழாயடியில் குடத்துக்கு வரிசையில் நின்றோம். தெருமுனையில் ஒரு ஆள் வந்தார். முழங்கால் வரை சேறு. மீசை இல்லை. யாரோ வழி கேட்க வருகிறார் என்று நான் நகர்ந்து நின்றேன்.

கௌரியின் குடம் கீழே விழுந்தது. ஓடிப்போய் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"மீசை எங்கய்யா? மீசை எங்க?"

அதைத் தவிர அவளுக்கு வேறு கேள்வியே வரவில்லை.

பசவராஜுதான் காப்பாற்றியிருந்தார். கலவரம் தொடங்கியதும் வேனை ஷெட்டில் போட்டுவிட்டு நாகராஜைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் உள் அறையில் வைத்திருந்தார். அவர் மனைவி ஜெயம்மா, இரண்டு சின்னப் பெண்கள். பக்கத்து வீடுகளுக்குத் தெரியாமல் நாள் கடத்தினார்கள். அடையாளம் மாறட்டும் என்று மீசையை எடுக்கச் சொன்னதும் பசவராஜுதான். பிறகு சர்ஜாபுரம் வழியாகச் சைக்கிளில் கூட்டிவந்து, எல்லை ஏரிக்கரையில் இறக்கிவிட்டார். இதற்கு மேல் வந்தால் அவருக்கு ஆபத்து. அங்கிருந்து வயல் வழியாகப் பாகலூர் வந்து, நடந்தே வீடு வந்திருந்தார் நாகராஜ். ஷெட்டில் விட்ட வேன் மிஞ்சவில்லை.

ஆள் வந்துவிட்டார், சத்தம்தான் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் முன்பெல்லாம் அவர் தும்மினால் என் வீட்டுத் தட்டு அதிரும். இப்போது இருமல்கூடத் துண்டுக்குள். பேசினால் கிசுகிசு. "தண்ணி குடு" என்பதைக்கூட ரகசியம் போலச் சொன்னார். தெருவில் நாலு பேர் சேர்ந்து போனால் எழுந்து உள்ளே போவார். ஒரு ஃபவுண்டரியில் உள்ளூர் வண்டி ஓட்டக் கூப்பிட்டார்கள், போனார். ஹாரன் அடிக்காமல் ஓட்டுகிறார் என்று புகார் வந்தது.

எல்லை திறந்தது. கணவாய்ப் பெட்டி ஊர் போய்ச் சேர்ந்தது. அடுத்து பாம்புப் படம் வந்தது. "இந்த வாரம் பாம்பு, ரயில் நீளம், வர்றீங்களா?" என்று இந்த முறை நான் கேட்டேன். "வேணாங்க்கா" என்றார். கௌரி சுவர்ப் பக்கம் வந்து நின்று என்னிடம், "அவரு குரல எங்கயோ விட்டுட்டு வந்துட்டாருக்கா" என்றாள்.

ஜெயம்மாவின் வீடு

மாம்பழக் காலம் வந்தபோது கௌரி பிடிவாதமாக நின்றாள். ஜெயம்மாவைப் பார்த்தே ஆக வேண்டும். வேப்பனப்பள்ளிச் சொந்தக்காரர் தோட்டத்திலிருந்து ஒரு கூடை பழம் வாங்கி, நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் பஸ் நின்றதும் நாகராஜ் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டார். கௌரி முழங்காலை ஆட்டிக்கொண்டே வந்தாள். நான் ஒவ்வொரு போர்டாகப் படித்துக்கொண்டே வந்தேன், கன்னடம் படிக்கத் தெரியாமலே.

சின்ன வீடு. ஜெயம்மா கௌரியை விட இளையவள். வாசலிலேயே கௌரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மொழி தெரிந்தவளுக்கு ஒரு மொழியும் உதவவில்லை. ஜெயம்மா, "ஊட்டா மாடி முதலு" என்று, முதலில் சாப்பிடச் சொல்லி உள்ளே இழுத்துப்போனாள்.

சாப்பிட்டு முடித்ததும் அந்த இரண்டு பெண்களும் நாகராஜைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரியவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ கேட்டாள். கௌரி எனக்குத் தமிழில் சொன்னாள்: "கடல் கதை சொல்லணுமாம். ஒளிஞ்சிருந்தப்ப தினம் சொன்னாராம். நண்டு, முதலை, கணவாய், எல்லாத்தையும் ஒரே கதையாக்கிச் சொல்லியிருக்காரு."

கதவைச் சாத்தி உட்கார்ந்திருந்த நாட்களில், வெளியே போக முடியாமல் அழுத பிள்ளைகளுக்கு, தன் சினிமாக் கடலை அப்படியே இறக்கி வைத்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாகராஜ் முதலில் தலையை ஆட்டி மறுத்தார். சின்னவள் அவர் மடியில் ஏறிவிட்டாள். ஆரம்பித்தார். கன்னடத்தில், அதே கிசுகிசுப்பில். கப்பல் கிளம்பியது. கேப்டன் யார் சொல்வதையும் கேட்கவில்லை. பிள்ளைகளின் கண் விரிய விரிய அவர் கை உயர்ந்தது. நண்டு கப்பலைப் பிடித்ததும் குரல் கொஞ்சம் ஏறியது. கணவாய் எழுந்தபோது அவரும் எழுந்துவிட்டார். இரண்டு கையையும் அகல விரித்து, தொண்டையிலிருந்து ஒரு உறுமல் விட்டார். பசவராஜு பழத்தைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுக்களையிலிருந்து ஜெயம்மா ஓடிவந்தாள். கை நிறையச் சோப்பு நுரை. உதட்டில் விரல் வைத்து, "மெல்லகே, மெல்லகே!" என்றாள்.

நாகராஜின் கை அந்தரத்தில் நின்றது. பிள்ளைகள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள், நன்றாகப் பழகியவர்களைப் போல. ஜெயம்மா அந்தப் பிஞ்சுக் கைகளைப் பார்த்தாள். நாகராஜைப் பார்த்தாள். தன் விரல் இன்னும் உதட்டில் இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். உதட்டில் நுரை ஒட்டியிருந்தது.

விரலை எடுத்தாள். தெருப் பக்கத்து ஜன்னலுக்குப் போய், கொக்கியைத் தட்டி இரண்டு கதவையும் முழுக்கத் திறந்து தள்ளினாள்.

"ஜோராகே ஹேளண்ணா" என்றாள்.

சத்தமாகவே சொல்லுங்கண்ணா.